ஐந்து மணிக்குப் பிறகு

கலாமாவிலிருந்து மேற்கே இறங்கும் சாலை.
துணை வண்டியில் நான், மடியில் கணினி.
எனக்கு முன்னால்
மூன்று சக்கரத்தில் ஒரு சாப்பாட்டு மேசை போகிறது.
அதற்கடியில் யஸ்னா படுத்திருக்கிறாள்.
உள்ளே ஐம்பத்தோரு டிகிரி.
தாகம் என்று சொல்ல மாட்டாள்,
"எண்ணைச் சொல்" என்பாள்.

எண்ணைச் சொல்கிறேன்:
தொள்ளாயிரத்துப் பத்து வாட்.
ஓர் இஸ்திரிப் பெட்டிக்குப் பற்றாது.
அதைக்கொண்டு பாலைவனம் கடக்கிறோம்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை.
ஒளி வந்து முட்டுகிறது.
சிலிக்கானுக்குள் சும்மா கிடந்த எலக்ட்ரான்
திடுக்கிட்டு எழுகிறது.
எழுந்தது தன் இடத்துக்குத் திரும்ப
ஒரே ஒரு வழிதான் விட்டுவைத்திருக்கிறோம்:
கம்பியில் ஏறி, மோட்டாருக்குள் புகுந்து,
பின்சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டு.
சுங்கம் கட்டாமல் யாரும் வீடு போக முடியாது.

நூறு பங்கு வெயில் விழுந்தால்
இருபத்துமூன்று சக்கரத்துக்கு.
மிச்சமெல்லாம் சூடு,
அது யஸ்னாவின் தலைக்கு.

அறுபதில் போனால் காற்று பேரம் பேசும்.
எண்பதில் போனால்
இரண்டு மடங்குக்கு மேல் பிடுங்கிக்கொள்ளும்.
நேற்று எண்பதில் போனோம்.
முடிவு என்னுடையது.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை,
ரெனான் மட்டும் ரொட்டியைச் சத்தமாய் மென்றான்.

மாலை ஐந்துக்குப் பந்தய விதி:
நின்ற இடத்தில் நில்.
பேட்டரியில் பத்தொன்பது சதவீதம்.
ஓடத்தான் கூடாது, வெயில் பிடிக்கலாம்.
மேல்மூடியைக் கழற்றி
மேற்கு நோக்கிச் சாய்த்தோம்.
காற்று அதைப் பட்டமாக்கப் பார்த்தது.
ஆறு மூலைக்கு ஆள் வேண்டும்;
நாங்கள் ஐந்து பேர்.

அப்போது நின்றது அந்த லாரி.
இருபத்தெட்டாயிரம் லிட்டர் கந்தக அமிலம்,
ஓட்டுநர் எவரிஸ்தோ கிஸ்பே,
குடிக்க ஐந்து லிட்டர் தண்ணீர்.

"டீசல் தீர்ந்துபோச்சா?" என்றார்.
சிரித்துக்கொண்டே வந்தவர்
சிரித்து முடிப்பதற்குள்
ஆறாவது மூலையைப் பிடித்திருந்தார்.

எண் சடாரென விழுந்தது.
"தொப்பி!" என்று கத்தினேன்.
கோத்துவைத்த வரிசையில்
ஒரு சில்லின் மேல் நிழல் பட்டாலும்
வரிசை முழுக்கச் சோர்ந்துவிடும்.
ஒரே கதவு, கூட்டம் முழுதும் வெளியேற வேண்டும்,
வாசலில் ஒருவன் செருப்பைத் தேடுகிறான்.
அவர் தொப்பியைக் கழற்றி
பல்லில் கடித்துக்கொண்டார்.
வழுக்கை வெயிலில் சிவந்தது.

அப்புறம் தகட்டை உற்றுப் பார்த்தார்.
"அழுக்கா இருக்கே."
சுரங்கத் தூசி, இரண்டு நாளாய்ப் படிந்தது.
துடைக்கத் தண்ணீர் இல்லையென்று
நாங்கள் சொல்லும்முன்
கேனைத் திறந்துவிட்டார்.
மழையே அறியாத மண்ணின் மேல்
குடிதண்ணீர் வழிந்து ஓடி
முழங்கை நீளம் போவதற்குள் காணாமல் போனது.
எழுபது வாட் கூடியது.

சூரியன் இறங்க இறங்க
நாங்கள் தகட்டை நிமிர்த்திக்கொண்டே வந்தோம்.
கடைசியில் அது சுவராய் நின்றது.
அதன் பின்னால் ஆறு பேர், நிழலில்,
ஒருவர் வியர்வை ஒருவருக்கு மணக்க.
பொழுது சாய்வதைப் பிடித்துக்கொண்டிருந்தோம்,
ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்று ஆம்பியர்.
ஒன்று.
யஸ்னா உட்கார்ந்துவிட்டாள்.
முப்பத்தைந்து சதவீதம்.

"நாளைக்கு எதுவரை போகும்?"
"நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்,
காலையில் கடல்மூட்டம் ஏறி வராவிட்டால்."
அவர் விரல்விட்டு ஊர்களை எண்ணினார்.
"மரியா எலேனாவில் பெட்ரோல் பங்க் இருக்கு" என்றார்.
பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

காலிக் கேனோடு லாரியில் ஏறினார்.
திரும்புகையில் முன்விளக்கு வெளிச்சம்
ஒரு நொடி தகட்டின் மேல் விழுந்தது.
மீட்டரில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.

நேரம் போட்டு
அதையும் குறித்துக்கொண்டேன்.